டிஃபெண்டர் போதுமா, காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா?

நான் பார்த்தவரை, எங்கள் மன்னார்குடிப் பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் நுழைகிற வழி பெரும்பாலும் பென் டிரைவ்தான். பயிர்க் காப்பீட்டுக்காக சிட்டாவையும் அடங்கலையும் அதில் போட்டு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகிறோம். திரும்பி வந்து வீட்டில் செருகினால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கிறது. போன சம்பாவில் சித்தப்பா வீட்டில் இதுதான் நடந்தது. எல்லாம் போச்சு என்று ஃபார்மட் போடவே கிளம்பிவிட்டார். ஃபைல்கள் அழியவில்லை, வைரஸ் அவற்றை மறைத்து வைத்திருந்தது. அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் செய்தால்தான் அது கம்ப்யூட்டருக்குள் ஏறும்.

“எதை வாங்கட்டும், நீயே சொல்லுப்பா” என்றார். அதற்காக உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டிஃபெண்டர். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் இது விண்டோஸுக்குள்ளேயே முழு ஆன்டிவைரஸாக இருக்கிறது. தனியாகக் காசு கிடையாது, வருடா வருடம் புதுப்பிக்கும் வேலையும் கிடையாது. தெரிந்த வைரஸைப் பட்டியலை வைத்துப் பிடிக்கும், தெரியாததை அதன் நடத்தையை வைத்துச் சந்தேகப்படும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிராக ஃபோல்டர்களைக் காக்கும் வசதியும் உண்டு. ஆனால் அதை நாம்தான் ‘ஆன்’ செய்ய வேண்டும், பலருக்கு இது தெரியாது. சித்தப்பா வீட்டில் ஆன் செய்ததும் அவருடைய பழைய தமிழ் டைப்பிங் மென்பொருளால் டாக்குமென்ட்ஸில் எதையும் சேமிக்க முடியவில்லை. அனுமதிப் பட்டியலில் சேர்த்த பிறகு சரியானது.

காசு கொடுத்து வாங்குபவற்றில் நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பவை கே7, குயிக் ஹீல். கே7 1991-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம், குயிக் ஹீல் புனேக்காரர்களுடையது. பென் டிரைவைச் செருகிய உடனே தானாக அலசும்படி இவற்றில் வைத்துக்கொள்ளலாம். டிஃபெண்டர் ஃபைலைத் திறக்கும்போது சோதிக்கும், முழு டிரைவையும் அலச நாம்தான் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுக்க வேண்டும். இன்னொரு லாபம், கடைக்காரரே வீட்டுக்கு வந்து போட்டுக் கொடுப்பார். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. குறை, வருடச் சந்தா. நான் வாங்கிய லேப்டாப்பில் ஒரு நிறுவனத்தின் சோதனைப் பதிப்பு கூடவே வந்தது. அது காலாவதியான பிறகும், மூலையில் ஐகான் இருக்கிறதே என்று மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன்.

மற்ற இலவசங்களில் அவாஸ்ட் பிரபலமானது. பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை அதன் துணை நிறுவனம் விற்றது வெளியே வந்து, 2020-ல் அந்தத் துணை நிறுவனத்தையே மூடினார்கள். 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. எனக்கு அந்தப் பக்கம் போக மனமில்லை.

இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்றோடொன்று மோதி மெஷின் படுத்துவிடும். வேறொன்றைப் போட்டால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும், அது பிரச்சினை இல்லை.

எதை வைத்தாலும் விண்டோஸ் அப்டேட் வேண்டும். ஹாட்ஸ்பாட் டேட்டா தீர்ந்துவிடும் என்று பலர் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அப்டேட் இல்லாமல் அடைபடாத ஓட்டைகளை எவ்வளவு விலையுள்ள ஆன்டிவைரஸும் அடைக்காது. அதே போல, பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க் போடச் சொல்பவனையும் அது தடுக்காது, ஏனென்றால் எனிடெஸ்க் வைரஸ் இல்லை, தூரத்திலிருந்து நம் மெஷினை இயக்க உதவும் சாதாரண மென்பொருள்தான். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

சித்தப்பாவுக்கு டிஃபெண்டரே போதும் என்று சொல்லிவிட்டேன். சந்தாவுக்கு ஆகும் பணத்தைச் சேர்த்து வைத்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னேன். காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறார். பக்கத்துத் தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பருக்கு மட்டும் காசு கொடுத்தே வாங்கச் சொன்னேன். முகூர்த்த நாள் வந்தால் அவர் மெஷினில் யார் யாருடைய பென் டிரைவோ ஏறி இறங்கும்.