கையால் சுழற்றும் சூரியன்–பூமி–நிலா மாதிரி: வாங்கும் முன் பெல்ட்டைப் பாருங்கள்

பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் பருவகாலம் விளக்கும் மாதிரி கேட்டால், பெரும்பாலும் ஒரே அமைப்பைத்தான் எடுத்து வைப்பார்கள். நடுவில் பல்பு. அதிலிருந்து ஏறக்குறைய 25 செ.மீ. நீளும் கை. கையின் முனையில் 10 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டை, அதைச் சுற்ற ஒரு சின்ன நிலா. அடியில் மாதங்கள் அச்சிட்ட தட்டு. இந்த மதிப்புரை அந்த வகைக்கானது. பெயிண்டும் பெட்டியும் எப்படி இருந்தாலும், இதன் தரத்தைத் தீர்மானிப்பது கைக்கு அடியில் ஓடும் பெல்ட்தான்.

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் மட்டும் பருவங்கள் வந்துவிடாது. ஆண்டு முழுக்க அந்தச் சாய்வு வானத்தில் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஜூனில் வடதுருவம் சூரியன் பக்கமும், டிசம்பரில் எதிர்ப்பக்கமும் சாயும். மாதிரியில் இதற்கு இரண்டு கப்பிகள் இருக்கின்றன. ஒன்று நடுக்கம்பத்தில் அசையாமல் நிற்பது. இன்னொன்று உருண்டைக்கு அடியில், அதே விட்டத்தில். கை ஒரு சுற்று வரும்போது பெல்ட் வெளிக்கப்பியை எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று திருப்பி, அச்சைப் பழைய திசையிலேயே நிறுத்தி வைக்கும். விலை மலிவான சிலவற்றில் பெல்ட்டே கிடையாது, அச்சு கையோடு இறுக்கப்பட்டிருக்கும். அதில் எந்த மாதத்தில் நிறுத்தினாலும் வடக்கே கோடைதான். அதை வாங்கவே கூடாது. பிள்ளைகள் தவறாகக் கற்றுக்கொள்வார்கள், பிறகு திருத்துவது கடினம்.

கடையிலேயே சோதித்துவிடலாம். வடதுருவ முள்ளை எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னலை நோக்கித் திருப்பி, கையை மெதுவாகச் சுழற்றுங்கள். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் நான்கு இடங்களிலும் முள் அதே பக்கம் பார்க்க வேண்டும். அடுத்து வேகமாகப் பத்துச் சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் முள் நகர்ந்திருக்கும். 15 டிகிரி நகர்ந்தால் பருவங்கள் ஏறக்குறைய 15 நாள் தள்ளிப்போகும். வெயில் படும் அலமாரியில் வைத்தால் ரப்பர் சீக்கிரம் தளரும், ஆகையால் உதிரி பெல்ட் ஒன்று கேட்டு வாங்குங்கள். மாற்றும்போது எட்டு வடிவில் குறுக்காகப் போட்டுவிடாதீர்கள். போட்டால் பருவங்கள் வரும், ஆனால் தலைகீழ் வரிசையில்: பகலும் இரவும் சமமாகும் மார்ச் சம இரவு நாளுக்குப் பிறகு கோடைக்குப் பதில் குளிர்காலம். கப்பிகள் ஒரே அளவில் இருப்பதால் குறுக்குப் பெல்ட்டும் தடையில்லாமல் ஓடும். அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படாமல் போகிறது.

அடுத்த குறை வெளிச்சம். இது ஏறக்குறைய எல்லா மாதிரியிலும் உண்டு. உண்மையான சூரியன் தொலைவில் இருப்பதால் கதிர்கள் இணையாக வந்து பூமியின் சரிபாதியை ஒளியூட்டும். 25 செ.மீ. தள்ளி நிற்கும் சிறு பல்பின் ஒளியோ விரிந்து வருகிறது. 5 செ.மீ. ஆரமுள்ள உருண்டையில் ஒளிர்வு வட்டம், அதாவது பகலையும் இரவையும் பிரிக்கும் கோடு, சுற்றிலும் 11.5 டிகிரி பின்வாங்கிவிடும். விளைவு: சம இரவு நாளில் சென்னைக்கு 12 மணி நேரப் பகல் வராது, சுமார் 10 மணி 25 நிமிடம்தான் வரும். ஜூன் 21 அன்று நள்ளிரவுச் சூரியன் 66.6 டிகிரி அட்சத்தில் தொடங்காமல் 78-இல் தொடங்கும். ஆர்க்டிக் வட்டத்தைக் காட்டத்தானே வாங்குகிறோம்!

சரிசெய்ய இரண்டு வழி. புத்தகப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும் தட்டையான பிளாஸ்டிக் லென்ஸை, ஒற்றை எல்.இ.டி.க்கு முன்னால் அதன் குவியத் தூரத்தில் நிறுத்தினால் ஒளி இணையாகும். லென்ஸ் கையோடு சேர்ந்து சுற்றும்படி ஒட்ட வேண்டும். அது முடியாவிட்டால் உருண்டையைக் கழற்றிவிட்டு 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்தைக் கம்பியில் கோத்து மாட்டுங்கள். பின்வாங்கல் 4.6 டிகிரியாகக் குறையும், சம இரவு நாளின் பகல் 11 மணி 22 நிமிடம் நீளும். நாடுகளின் படம் போய்விடும், அட்சக் கோடுகளைப் பேனாவால் போட்டுக்கொள்ளலாம்.

பல்பின் உயரத்தையும் அளந்து பாருங்கள். ஒளி வரும் புள்ளி, உருண்டையின் மையம் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 2 செ.மீ. தாழ்ந்தாலும் சூரியன் எப்போதும் 4.6 டிகிரி தெற்கே தள்ளி நிற்பதாக ஆகிவிடும்.

இதையெல்லாம் ஒரே சோதனையில் பிடிக்க, சென்னை இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசியைச் செங்குத்தாக ஒட்டுங்கள். சென்னையில் நிழலில்லா நாள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18. இடைப்பட்ட நாட்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். கன்னியாகுமரி என்றால் ஏப்ரல் 10, செப்டம்பர் 1. அந்தத் தேதிகளில் ஊசியைப் பல்புக்கு நேராகக் கொண்டுவந்தால் நிழல் மறைய வேண்டும். இரண்டு தேதியும் ஒரே பக்கமாகத் தள்ளிப்போயிருந்தால் பெல்ட் நழுவியிருக்கிறது. ஒன்றையொன்று நெருங்கி, மே 10 வாக்கிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் வந்தால் பல்பு தாழ்வு. விலகிப்போனால் பல்பு உயரம்.

பாதை வட்டமாக இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். முட்டை வடிவத் தட்டுள்ள மாதிரிதான் கெடுதல், தூரத்தால்தான் கோடை வருகிறது என்ற எண்ணத்தை அது ஊன்றிவிடும். பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், 14.71 கோடி கி.மீ. மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், 15.21 கோடி கி.மீ. 25 செ.மீ. கையில் இது இரு பக்கமும் 4 மி.மீ. வித்தியாசம்தான்.

நிலாவின் பகுதி சுமார். சுற்றுப்பாதையின் 5 டிகிரிச் சாய்வு இல்லாததால் மாதாமாதம் கிரகணம் வரும். பருவப் பாடத்தின்போது அதைக் கழற்றி வைப்பதே நல்லது.

பிள்ளைகள் நிச்சயம் கேட்கும் கேள்வி ஒன்று: தட்டில் டிசம்பர் 21-இலேயே சூரியன் வடக்கே திரும்புகிறதே, உத்தராயணம் தை 1 அன்றல்லவா? அச்சின் திசையும் சுமார் 26,000 ஆண்டில் ஒரு சுற்று, 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் நகர்கிறது. பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுவதால் இந்த இடைவெளி சேர்ந்துவிட்டது. வெளிக்கப்பியின் திருகைத் தளர்த்தி, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக அச்சை 24 டிகிரி திருப்பினால், திருப்பம் ஜனவரி நடுவுக்குப் போவதைக் காட்டலாம். திருகு ஒட்டப்பட்ட மாதிரியில் இதைச் செய்ய முடியாது, அதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.