எங்கள் ஊர்ச் சனசமூக நிலையமும் நூறு ரூபாய்ச் சந்தாவும்

ஐந்து வருடத்துக்குப் பிறகு இந்தமுறை ஊருக்குப் போய் மூன்று கிழமை நின்றேன். நல்லூர்த் திருவிழாக் காலம். யாழ்ப்பாணம் முழுக்க வெளிநாட்டுச் சனம். அம்மா சுன்னாகத்துக்குக் கிட்ட எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார், வயது 78. கோயில், சொந்தக்காரர் வீடுகள், காணி உறுதி அலுவல் என்று நாட்கள் போய்விடும் என நினைத்திருந்தேன். ஆனால் அதிக நேரம் இருந்தது எங்கள் ஒழுங்கை முகப்பில் உள்ள சனசமூக நிலையத்தில்தான். நான் கனடாவிலிருந்து காசு அனுப்புகிறவன். என்னைப் போல அனுப்புகிற மற்றவர்களுக்கும் அங்கே பார்த்தது உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சனசமூக நிலையம் என்றால் ஊர்ச் சனமே நடத்துகிற வாசிகசாலை. பிரதேச சபையில் பதிவு செய்திருப்பார்கள். எங்களுடையது ஒரே ஒரு மண்டபம். சரிவான மர மேசையில் பேப்பர்கள், சுவரோடு ஓர் இரும்பு அலுமாரி, பின் அறையில் அடுக்கிய கதிரைகளும் பெரிய கிடாரங்களும். காலையில் நாலைந்து வயோதிபர் பேப்பர் வாசிக்க வருவார்கள். பின்னேரம் முற்றத்தில் பொடியள் கரப்பந்து விளையாடுவார்கள். நான் சின்ன வயதில் கண்டதும் இதுதான். இதே நிர்வாகம் மரண உதவிச் சங்கத்தையும் நடத்துகிறது என்பது தெரியும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஒழுங்கையில் வெள்ளைக்கொடி ஏறுவதற்கு முன்பே கதிரையும் தறப்பாளும் வந்து இறங்கும், கையில் ஒரு தொகைக் காசும் கொடுப்பார்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கும் அதே ஆட்கள் இவ்வளவு செய்கிறார்கள் என்பது எனக்கு இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது.

எல்லாம் 2022இல் தொடங்கியதாம். அந்த வருடம் சித்திரையில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. டொலர் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்தது, சில வாரங்களில் 360ஐத் தொட்டது. புரட்டாதியில் சாப்பாட்டுச் சாமான் விலை முந்திய வருடத்தைவிட 90 வீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. எங்கள் பக்கத்தில் அதிகம் அடிபட்டது தோட்டக்காரர். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் வெங்காயம் ஏற்கனவே விழுந்துபோயிருந்தது. பிறகு 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கிணற்றில் மெசின் வைத்துத் தண்ணீர் இறைக்கிற தோட்டக்காரனுக்கு அது என்னவென்று யோசித்துப் பாருங்கள். சீமெந்து விலை ஏறி வீட்டு வேலைகள் நின்றதும் மேசன்மாருக்கும் கூலிக்குப் போனவர்களுக்கும் நாள் சம்பளம் இல்லாமல் போனது.

நிலையத்தின் பொருளாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எனக்குக் கணிதம் படிப்பித்தவர், ஊரில் எல்லோருக்கும் மாஸ்டர். 2022இல் முதலில் அவர்களும் எல்லோரையும் போலப் பொதி கட்டிக் கொடுத்தார்களாம். அரிசி, மா, பருப்பு, சீனி. வாங்க வரச் சொல்லி அறிவித்த அன்று, அதிகம் தேவைப்பட்ட வீடுகளில் பாதிப் பேர் வரவில்லை. "பசியோட இருந்தாலும் இருப்பம், வரிசையில நிக்க மாட்டம் எண்டு இருந்திட்டினம் தம்பி. அது எங்கட பிழை. அவையளின்ர பிழை இல்லை" என்றார் மாஸ்டர்.

அதற்குப் பிறகு அவர்கள் கண்டுபிடித்த வழியை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் ஊர்க் கடையில் எல்லோருக்கும் கொப்பிக் கணக்கு உண்டு. சாமானை எடுத்துக்கொண்டு கொப்பியில் எழுதுவிப்பார்கள், மாத முடிவில் கட்டுவார்கள். வாத்தியாருக்கும் கொப்பி, கூலிக்காரருக்கும் கொப்பி, என் அம்மாவுக்கும் ஒரு கொப்பி. கஷ்டப்படுகிற குடும்பத்திடம் நிலையம் பொதி கொடுப்பதில்லை. வழக்கம்போலக் கடைக்குப் போங்கள், இவ்வளவு தொகைக்குள் எடுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். மாதக் கடைசியில் இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டுகிற நேரம் மாஸ்டர் சைக்கிளில் போகிறார். கடைக்காரர் குறிப்பிட்ட சில கொப்பிகளை மட்டும் எடுத்து வைக்கிறார். மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்து, காசை எண்ணிக் கொடுத்து, கடைசி வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுக்கிறார். மற்றவர்களின் கொப்பியிலும் காசு கட்டினால் அதே சிவப்புக் கோடுதான்.

நான் கூடப் போன அன்று ஏழு கொப்பி இருந்தது. மேலட்டையில் பெயர் தெரியாதபடி மாஸ்டர் அவற்றைக் கவிழ்த்தே வைத்திருந்தார். நானும் பார்க்க முயலவில்லை.

இது ஏன் என்னை இவ்வளவு தொட்டது என்றால், அதற்கு முன்னால் எனக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. நெருக்கடி நேரம் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து வேறொரு குழுவுக்குக் காசு அனுப்பினோம். பத்து நாளில் போனுக்குப் படங்கள் வந்தன. பெனருக்கு முன்னால் வரிசையாகச் சனம், எல்லோர் கையிலும் பொதி. மூன்றாவது படத்தில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி நின்றார். என்னைத் தூக்கி வளர்த்த சின்னம்மா. அவர் கமராவைப் பார்க்கவில்லை, பொதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் படம் முகப்புத்தகத்திலும் போனதாம். அதற்குப் பிறகு பல மாதம் அவர் கோயிலுக்கு வரவில்லை என்று அம்மா இந்தமுறைதான் சொன்னார். நான் அனுப்பிய காசு அது.

சரி, நிலையம் வேறு என்ன செய்கிறது என்று சொல்கிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. சப்பாத்து, கொப்பி, புத்தகப்பை, ரியூசன் காசு எல்லாம் வீட்டுக்காரர் பாடு. தை மாதத்தில் இவற்றுக்கு உதவுகிறார்கள். ரியூசன் காசை நேராகக் கல்வி நிலையத்துக்கே கட்டிவிடுகிறார்கள், வகுப்பில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி விஷயமும் அப்படித்தான். அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். ஆனால் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் இருக்கிற புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போகவேண்டும். நோயாளியோடு கூடப் போகிறவர் எங்கே படுப்பார், என்ன சாப்பிடுவார்? புற்றுநோய்க்காரர் இருக்கிற வீடுகள் கடனில் விழுவது பெரும்பாலும் இந்தப் போக்குவரத்தில்தான் என்று செயலாளர் அக்கா சொன்னார். பஸ் காசையும் தங்குகிற செலவையும் நிலையம் கொடுக்கிறது. கிட்ட இருக்கிற தெல்லிப்பளை ஆஸ்பத்திரியிலேயே பார்க்கக்கூடிய வைத்தியம் என்றால் ஒழுங்கையில் ஓட்டோ வைத்திருக்கிற ஒருவர் பெற்றோல் காசுக்கு மட்டும் கொண்டுபோய் விடுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது சனிக்கிழமை மேசை. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற இரண்டு பிள்ளைகள் அதில் இருந்து சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் 1995இலிருந்து கொடுத்துவந்த சமுர்த்தி உதவிக்குப் பதிலாக 2023 ஆடியில் அஸ்வெசும வந்தது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 8,500 என்று தொடங்கினார்கள். காசு வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யவேண்டும். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு இதெல்லாம் மலை. எங்கள் ஊரில் ஒரு ஆச்சி, சுவிசில் இருக்கிற தம்பியின் பெரிய மாடி வீட்டைக் காவல் பார்த்துக்கொண்டு அதன் பின் அறையில் இருக்கிறார். கணக்கெடுக்க வந்தவர்கள் மாடி வீட்டைப் பார்த்தார்கள், பெயர் விடுபட்டுப் போனது. வீடு அவருடையதில்லை என்று கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்து, பிரதேச செயலகத்துக்கு மேன்முறையீடு எழுதி, ஆச்சியைக் கூட்டிப்போய் வங்கிக் கணக்கும் திறந்து கொடுத்தது அந்த இரண்டு பிள்ளைகளும்தான்.

அப்புறம் நுண்கடன். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து அறவிடுகிற கடனை எடுத்துவிட்டு, அதைக் கட்ட இன்னொன்று எடுத்து, அதற்காகத் தோட்டை அடைவு வைத்த பெண்கள் வடக்கில் எத்தனையோ பேர். எங்கள் நிலையத்தால் அந்தக் கடனை அடைக்க முடியாது, அவ்வளவு காசு இல்லை. ஆனால் அறவிட வருகிற நாளில் நிர்வாகத்துப் பெண் ஒருவர் போய் அந்த வீட்டுத் திண்ணையில் இருப்பார். எதுவும் பேச மாட்டார், சும்மா இருப்பார். அவர் இருந்தால் வருகிறவர் குரலை உயர்த்துவதில்லை. அதற்குமேல் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்த்துவிட்டுக் குறைந்த வட்டிக்கு மாற்றப் பார்க்கிறார்கள். சில வீடுகளில் சரிவந்திருக்கிறது, சில வீடுகளில் வரவில்லை.

குறையையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் இரண்டு சனசமூக நிலையம் இருக்கிறது, இரண்டு குறிச்சிக்கும் வெவ்வேறாக. ஏன் அப்படி என்று ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்திறப்பதில்லை. 2022இல் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் இலைக்கஞ்சி காய்ச்சியபோது இரண்டு நிலையமும் ஒரே அடுப்பில் காய்ச்சின. நெருக்கடி தணிந்ததும் அடுப்பு பிரிந்துவிட்டது. நான் மாஸ்டரிடம் இதைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ கேட்டது சரி" என்றார். அவர் அதைச் சொன்னதே எனக்குப் பெரிதாகப் பட்டது, ஆனால் போதாது. வாடகைக்கு வந்திருக்கிற குடும்பங்களும் அங்கத்தவர் பட்டியலில் இல்லை. இதை மாற்றவேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். நிலையத்தில் இரண்டு கணக்குப் புத்தகம். ஒன்று சந்தா, மற்றது வெளிநாட்டுக் காசு. கடைக் கொப்பி கட்டுவது சந்தாவிலிருந்து மட்டும்தான். மாதம் 100 ரூபாய், எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. உதவி எடுக்கிற வீடும் அந்த 100 ரூபாயைக் கட்டுகிறது. முதலில் எனக்கு இது கொடுமையாகப் பட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவதா என்று கேட்டேன். செயலாளர் அக்காதான் விளக்கினார். சந்தா கட்டுகிறவர் அங்கத்தவர். பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கணக்குக் கேட்கலாம், கை உயர்த்தி வாக்குப் போடலாம். போன வருடம் கொப்பி உதவி எடுத்த ஒருவர் இந்த வருடம் நிர்வாகத்தில் இருக்கிறார். வெளிநாட்டுக் காசு 2022இல் நிறைய வந்ததாம், பிறகு குறைந்துகொண்டே போய்விட்டது. ஒரு வீட்டின் அரிசியை அதை நம்பி வைக்கமுடியாது என்பதால் அதைப் பஸ் காசு, பள்ளிக்கூடச் செலவு, கதிரை திருத்துவது போன்றவற்றுக்கு வைத்திருக்கிறார்கள்.

அம்மாவின் சந்தாவை நானே ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுகிறேன் என்று காசை எடுத்தேன். அக்கா வாங்கவில்லை.

"காசு வந்திடும் தம்பி. பிறகு நான் உங்கட வீட்டுப் படலையைத் திறக்க என்ன காரணம் சொல்லுறது?"

மாதா மாதம் முதற் கிழமை அக்காவும் இன்னொரு பெண்ணும் சந்தாக் கொப்பியோடு ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிறார்கள். எந்த வீட்டில் முற்றம் கூட்டவில்லை, எந்த வீட்டுச் சைக்கிளைக் காணவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூட நேரத்தில் வீட்டில் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியவருகிறது. யாரும் வந்து கேட்கவேண்டியதில்லை. போன மார்கழியில் அம்மாவின் கால் வீங்கியிருந்ததை முதலில் கண்டதும் அக்காதான். நான் கிழமைக்கு இரண்டு தரம் வீடியோவில் அம்மாவோடு கதைக்கிறேன். போனில் முகம் மட்டும்தான் தெரியும்.

நான் வெளிக்கிட்ட அன்று ஆவணி முதற் கிழமை. வானுக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது படலைச் சத்தம் கேட்டது. அம்மா என்னை விட்டுவிட்டு உள்ளே போய், மணிக்கூட்டுக்குக் கீழே நாலாக மடித்து வைத்திருந்த நூறு ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். "பிள்ளை, இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையை அம்மாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார்.