ஒரு ஸ்லைடு 350 ரூபாய், காத்திருப்பு ஆறு வாரம்

கல்லை மைக்ராஸ்கோப் ஸ்லைடாக்கித் தரும் இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கூகுள் மேப்பிலும் தேட வேண்டாம். "உங்க பட்டறையைப் பத்தி எழுதப் போறேன் ஐயா" என்றதற்கு, "பேரெல்லாம் போட்டுராத கண்ணு, வந்து கெடக்கற கல்லையே அறுத்து முடியல" என்று சொல்லிவிட்டார் பட்டறைக்கார ஐயா. அதனால் சேலம் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜியாலஜி டிபார்ட்மென்டில் எந்த சீனியரைக் கேட்டாலும் நம்பர் கிடைக்கும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது, ஒன்றரை வருடம் தாமதமாக.

இங்கே நடக்கும் வேலை, கல்லை ஸ்லைடு ஆக்குவது. புத்தகத்தில் தின் செக்‌ஷன் என்று இருக்கும், நாங்கள் ஸ்லைடு என்றுதான் சொல்வோம். கல்லை பிஸ்கட் கனத்துக்கு அறுத்து, ஒரு பக்கத்தை வழவழப்பாக்கி, கண்ணாடித் தகட்டில் பசை போட்டு ஒட்டி, மறுபக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். 0.03 மில்லிமீட்டருக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அந்த அளவில் கருங்கல்கூட வெளிச்சத்தை உள்ளே விடும். அப்புறம் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து எந்தக் கனிமம் எதை ஒட்டிக்கொண்டிருக்கிறது, எது முதலில் வந்தது, எது எதைத் தின்றது என்று பார்க்கலாம். என் பிஎச்.டி.யில் பாதி வேலை இதுதான். இப்போது நான்காவது வருடம்.

நான் எடுத்திருப்பது கஞ்சமலை அடிவாரத்துக் கற்கள், கார்னெட் என்ற கனிமம் உள்ள மாஃபிக் கிரானுலைட், அதாவது பூமிக்குள் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய கருநிறப் பாறை. ஊரில் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் 'நிலவியல்' என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "நிலாவைப் பத்தியா?" என்பார்கள். நாமக்கல் பக்கம் இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளவும் முடியாது. சித்தம்பூண்டி, குன்னமலையில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்துப்போகிறது என்று அதைத்தான் இஸ்ரோ பொடித்துக்கொண்டு போய் சந்திரயான் சோதனைக்குச் செயற்கை நிலவு மண்ணாகப் பயன்படுத்தியது. எங்கள் அத்தை இன்றைக்கும் நான் இஸ்ரோவில் வேலை செய்வதாகத்தான் சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். ஐயாவைத் தெரிவதற்கு முன் வேறொரு ஊரில் ஒரு இடத்துக்குக் கூரியரில் கல் அனுப்பினேன். அங்கே ஸ்லைடு 220 ரூபாய், பத்தே நாளில் வந்துவிடும். முப்பது கல் அனுப்பி முப்பது ஸ்லைடு வந்தது. பளிச்சென்று மேலே கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடி மூடி எல்லாம் போட்டு, அச்சடித்த லேபிள். ஆறு மாதம் உட்கார்ந்து நோட்டு நோட்டாக எழுதினேன். ஒருநாள் கேஎம் 17 என்று எண் போட்ட ஸ்லைடை எடுத்து வைத்தால் குவார்ட்ஸ் என்ற கனிமமே இல்லை. கேஎம் 17 என்பது நானே சுத்தியல் போட்டு உடைத்த மேக்னடைட் குவார்ட்சைட். கஞ்சமலை இரும்புக் கல். காந்தம் ஒட்டும். அதில் குவார்ட்ஸ் இல்லை என்றால் சாம்பாரில் பருப்பு இல்லை என்பது போல. கேஎம் 7ஐ எடுத்துப் பார்த்தால் முழுக்கக் குவார்ட்ஸும் கறுப்புக் கட்டிகளும். ஒன்றும் ஏழும் சேர்ந்ததில் யாருக்கோ குழப்பம் வந்திருக்கிறது.

இரண்டு ஸ்லைடு மாறியது பெரிய விஷயமில்லை, மாற்றி எழுதிக்கொள்ளலாம். மீதி இருபத்தெட்டை எப்படி நம்புவது? போதாக்குறைக்கு கைடு எட்டிப் பார்த்து, "குவார்ட்ஸ் ஏம்மா மஞ்சள் அடிக்குது?" என்றார். கிராஸ்டு நிக்கலில், அதாவது வெளிச்சத்தை வடிகட்டும் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஸ்லைடை வைத்துப் பார்த்தால், கனிமத்தின் நிறம் கனத்தைப் பொறுத்து மாறும். சரியான கனத்தில் குவார்ட்ஸ் சாம்பல் வெள்ளையாகத்தான் தெரிய வேண்டும். நன்றாக மஞ்சளடித்தால் 40 மைக்ரானுக்கு, அதாவது 0.04 மில்லிமீட்டருக்கு மேல் என்று அர்த்தம். ஆறு மாத நோட்டு மொத்தமும் பழைய பேப்பர். பிஎச்.டி. வேலையை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டியின் அடுத்த மீட்டிங்கில், "முன்னேற்றம்?" என்று கேட்டபோது நான் சொன்ன பதிலை இங்கே எழுத விரும்பவில்லை.

அதற்கப்புறம்தான் ஐயா. இந்த முறை கல்லையும் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு சிமென்ட் சாக்கில் இருபத்திரண்டு கல், முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். நாள் பார்க்காமல் போய்விட்டேன், அன்றைக்கு அமாவாசை. கஞ்சமலைச் சித்தர் கோவில் பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, "என்னம்மா இது?" என்றார். "கல்லுங்க." "எல்லாரும் விபூதி எடுத்துட்டுப் போவாங்க, நீ கல்லு எடுத்துட்டுப் போறியா?" என்று சொல்லிக்கொண்டே லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்கள் இடுப்பைப் பற்றியும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பட்டறை ஒரு மாட்டுக் கொட்டகை அளவுதான். ஒரு வைரப் பல் ரம்பம், தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கும். ஒரு சுழலும் தட்டு. ஒரு சின்ன அடுப்பு, பசை காய்வதற்கு. மேசையில் தடித்த கண்ணாடித் தகடுகள் நான்கு, அவற்றின் மேல் கல்லைத் தேய்க்கும் கார்போரண்டம் பொடி. எண் கூடக் கூடப் பொடி நைசாகும். 220, 400, 600, 1000 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு, ஒரு வாளித் தண்ணீர். வாளியை மாற்றிக் கை கழுவினால் ஐயா உண்மையாகவே கோபப்படுவார். 220 துகள் ஒன்று 1000 தகட்டுக்குப் போனால் ஸ்லைடு முழுக்கக் கீறல். ஐயா முன்பு ஒரு கல்லூரி லேபில் இந்த வேலையே பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் தேய்த்த விரல்களில் ரேகை அழிந்துவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மெஷின் அவரை ஏற்பதே இல்லை என்று சிரிக்கிறார்.

முதலில் கல்லைக் கையில் வாங்கிக்கொண்டு, "கோடு போட்டியா?" என்றார். நான் முழித்தேன். என் கல்லில் கனிமங்கள் வரிவரியாகப் படிந்திருக்கும். அந்த வரிக்குக் குறுக்காகவும், வரிமேல் ஓடும் நீட்டலுக்கு இணையாகவும் அறுத்தால்தான் கல் எந்தப் பக்கம் இழுபட்டது என்று ஸ்லைடில் தெரியும். எங்கே அறுக்க வேண்டும் என்று மார்க்கரில் கோடு போட்டுக் கொடுப்பது ஸ்காலரின் வேலை. முந்தைய இடத்தில் அதை யாரும் கேட்கவே இல்லை, எப்படி வசதியோ அப்படி அறுத்திருக்கிறார்கள். அன்று மதியம் முழுக்க வாசல் திண்ணையில் உட்கார்ந்து இருபத்திரண்டு கல்லுக்கும் கோடு போட்டேன். கோர்ஸ் வொர்க்கில் ஆராய்ச்சி முறைகள் என்று ஒரு பேப்பர் எழுதித் தேறியிருக்கிறேன். அதில் இந்தக் கோடு வரவில்லை.

இரண்டாவது, எண். கண்ணாடியில் வைர ஊசியால் எண்ணைக் கீறிய பிறகுதான் கல்லையே ஒட்டுவார். லேபிள் என்ற பேச்சே இல்லை. அறுத்த மிச்சக் கட்டையிலும் பெயின்டில் அதே எண்ணை எழுதி ஸ்லைடோடு திருப்பித் தருகிறார். சந்தேகம் வந்தால் கட்டையையும் ஸ்லைடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கேஎம் 17 கதையைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் ஊசியை எடுத்துக் காட்டினார்.

நான் பார்க்க ஆசைப்பட்டது கடைசித் தேய்ப்பு. மெஷினில் முக்கால்வாசி குறைத்துவிட்டு மீதியைக் கையில் முடிக்கிறார். 1000 பொடியில் நாலு சொட்டுத் தண்ணீர், ஸ்லைடைக் கவிழ்த்து இரண்டு விரலால் எட்டு போடுவது போல ஓட்டுகிறார். பத்துப் பதினைந்து சுற்று, கழுவி, பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒரு பார்வை. முதலில் குவார்ட்ஸ் நீலம். மறுபடி தேய்ப்பு, சிவப்பு. அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். மஞ்சள் வெளுக்க ஆரம்பித்ததும் விரல் அழுத்தம் குறைந்துவிடுகிறது, பேச்சும் நின்றுவிடுகிறது. சாம்பல் வந்த கணத்தில் ஸ்லைடு தண்ணீரில். நாலு சுற்று கூடப் போனால் கல்லே காணாமல் போய்விடும், வெறும் கண்ணாடிதான் மிஞ்சும்.

என் கல்லில் பெரும்பாலும் குவார்ட்ஸ் கிடையாதே, கனத்தை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே அரிசி அளவில் நீலச் சாம்பல் கல் துண்டுகள். பல்லாவரத்துச் சார்னோகைட், குவார்ட்ஸ் உள்ள பாறை. குவார்ட்ஸ் இல்லாத கல் வந்தால் ஸ்லைடின் மூலையில் இதில் ஒன்றைச் சேர்த்து ஒட்டிவிடுகிறார். இரண்டும் ஒன்றாகவே தேயும், மூலையில் இருக்கும் குவார்ட்ஸ் சாம்பலானால் என் கல்லும் 0.03க்கு வந்துவிட்டது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்பதும், அதனால்தான் ஜியாலஜிஸ்ட் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பாறைக்கு அந்தப் பெயரை வைத்தார் என்பதும் எல்லா ஜியாலஜி மாணவர்களும் பரீட்சைக்குப் படித்த கதை. அந்தக் கல்லுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

அந்த ஸ்லைடுகள் வந்த பிறகுதான் என் கல்லையே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கார்னெட் கிராஸ்டு நிக்கலில் எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுப்பாகவே நிற்கும். அதைச் சுற்றி, கைரேகை மாதிரி நெளிநெளியாக ஒரு வளையம், ஆர்த்தோபைராக்சீன், பிளேஜியோகிளேஸ் என்ற இரண்டு கனிமங்கள் பின்னிக்கொண்டு. ஆழத்தில் அழுத்தத்தில் இருந்த பாறை மேலே வரும்போது கார்னெட் தாங்காமல் உடைந்து இந்த இரண்டாக மாறியதற்கான தடயம் அது. என் கல்லில் வளையத்தின் அகலம் 0.2 மில்லிமீட்டர்கூட இருக்காது. என் தீசிஸ் மொத்தமும் அதற்குள்தான் இருக்கிறது. மோசமாகத் தேய்த்தால் முதலில் பெயர்ந்து போவதும் அதுதான். பழைய ஸ்லைடுகளில் கார்னெட்டைச் சுற்றிக் காலியிடம் தெரியும், நான் அதை வெடிப்பு என்று எழுதி வைத்திருந்தேன்.

இனி குறைகள். முதல் குறை, பாலிஷ் ஸ்லைடு. கனிமத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் எலக்ட்ரான் புரோப் கருவிக்குப் போகிற ஸ்லைடில் கவர் ஸ்லிப் கூடாது, வைரப் பசையால் ஒரு மைக்ரான் வரை மெருகேற்றியிருக்க வேண்டும். ஐயா அதையும் கையாலேயே செய்கிறார், 900 ரூபாய். ஆறு கொடுத்தேன், நாலு அருமை, இரண்டில் மெல்லிய கீறல். புரோபுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, வேறு மாநிலத்துக்கு ரயிலேறிப் போய் ஒரே ஒரு நாள் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து கார்னெட்டை அளந்தால் ஆக்சைடுகளின் சதவீதக் கூட்டுத்தொகை 100க்குப் பக்கத்தில் வர வேண்டிய இடத்தில் 94 வருகிறது. கீறலில் விழுந்த புள்ளிகளை எதற்கும் பயன்படுத்த முடியாது. திரும்பி வந்து சொன்னதும் காசு வாங்காமல் மறுபடி போட்டுத் தந்தார் என்பது உண்மை. ஆனால் அந்த நாள் போனது போனதுதான். பாலிஷுக்கு மெஷின் வைத்திருக்கும் இடமாகப் பாருங்கள். சாதா ஸ்லைடுக்கு மட்டும் இவர்.

இரண்டாவது, பில். துண்டுச் சீட்டில் 'கல் 22, பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார், அவ்வளவுதான். ஜிஎஸ்டி எண் இல்லாத சீட்டு ஆபீஸில் செல்லாது. எங்கள் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் இப்போது மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆகி எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. அது மாதாமாதம் வந்தால் பரவாயில்லை, நாலைந்து மாதம் சேர்த்து வருவதும் உண்டு. 7,700 ரூபாயை என் கையிலிருந்துதான் கொடுத்தேன். ஃபெலோஷிப் இல்லாமல் பிஎச்.டி. செய்யும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விலை வலிக்கும். அவர்களுக்கு நான் சொல்வது, இருபது கல்லை மலிவாக ஸ்லைடு போடுவதற்குப் பதில் எட்டுக் கல்லை யோசித்துத் தேர்ந்தெடுத்து இங்கே கொடுங்கள்.

மூன்றாவது, நேரம். ஆறு வாரம் என்பார். எனக்கு ஒன்பது ஆனது. பேரன் காதுகுத்துக்கு ஒரு வாரம், கரண்ட் கட்டில் இரண்டு நாள், மீதிக்குக் காரணம் சொல்லவில்லை. போன் எடுக்க மாட்டார், ரம்பச் சத்தத்தில் கேட்காது. வாட்ஸ்அப் கிடையாது. ஆறு வருடத்துக்குள் முடிக்க வேண்டிய படிப்பில் ஒன்பது வாரம் சும்மா போக முடியாது. அந்த இடைவெளியில் ஃபீல்டு மேப்பை முடித்தேன். கல்லைக் கொடுத்துவிட்டுக் கை கட்டி உட்காராதபடி வேறு வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்சி. புராஜெக்ட் பிள்ளைகளுக்கு அவசரமாக இரண்டு ஸ்லைடு வேண்டும் என்றால் இங்கே வர வேண்டாம், வரிசையில் நிற்பது அவர்களுக்குக் கட்டாது. என்னைப் போல ஒரே கல்லோடு நாலைந்து வருடம் குடித்தனம் நடத்தப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். போன வாரம் இன்னொரு பதினாலு கல்லைக் கொடுத்துவிட்டு வந்தேன், இந்த முறை வீட்டிலேயே கோடு போட்டு. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்பதாவதை மட்டும் என்னிடமே நீட்டினார். கோடு வரிக்கு இணையாகப் போயிருக்கிறது.

போகிறவர்கள் காலையில் போங்கள். மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை தூங்குவார், கதவைத் தட்டினால் உங்கள் கல் வரிசையில் கடைசிக்குப் போய்விடும்.