மார்க்கரில் தேதி எழுதிய பல்புகள்: எல்.இ.டி.யோடு ஆறு வருடம்

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரே வார இறுதியில் வீட்டிலிருந்த பத்து பல்புகளையும் எல்.இ.டி.க்கு மாற்றினேன். மாட்டும்போதே ஒவ்வொன்றின் கழுத்திலும் மார்க்கர் பேனாவால் தேதி எழுதினேன். வீட்டில் சிரித்தார்கள். இதை இப்போது எழுத முடிவதே அந்தக் கிறுக்கலால்தான்.

முதலில் கரண்ட் பில். கூடத்தில் 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்துக்கு 9 வாட் எல்.இ.டி. வந்தது. வெளிச்சம் இரண்டிலும் ஏறக்குறைய 800 லூமன்தான். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் அந்த ஒன்றிலேயே வருடத்துக்கு 93 யூனிட் மிச்சம். ஆனால் ஸ்டோர் ரூம் பல்பு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்கூட எரியாது. அங்கே மாற்றி என்ன மிச்சமாகப் போகிறது? சிஎஃப்எல் இருந்த நான்கு இடங்களில் 14 வாட் 9 ஆனது, அவ்வளவுதான். பில் குறைந்தது. பாதியாகிவிடும் என்று நான் போட்ட கணக்கு மட்டும் பலிக்கவில்லை. பல்பைப் பார்த்து ஃபிரிட்ஜும் ஏசியும் திருந்துமா என்ன?

சிஎஃப்எல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. சுவிட்ச் போட்டால் தூக்கக் கலக்கத்தில் எழுந்ததுபோல் மங்கலாக ஆரம்பிக்கும். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் வேறு. கழற்றும்போது ஒன்று கைதவறி உடைந்துவிட்டது. ஜன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பத்தைத் தொடாமல், அட்டையால் தூளை அள்ளி, மிச்சத்தை டேப்பால் ஒற்றி எடுத்தேன்.

பத்தையுமே 6500 கெல்வின் வெள்ளையாக வாங்கியது என் தப்பு. முதல் நாள் ராத்திரி அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ஏன்டா முகம் வெளுத்துக் கிடக்கு, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். படுக்கையறைக்கு மட்டும் 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் வாங்கினேன். அலமாரிப் பக்கம் வேறு தொல்லை. கருப்பு சாக்ஸும் கருநீல சாக்ஸும் அங்கே ஒன்றுபோலவே தெரிந்தன. ஒரு நாள் காலுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். அதன் பிறகுதான் பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணை, அதாவது நிறங்களைப் பல்பு எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் எண்ணை, தேட ஆரம்பித்தேன். 90க்கு மேலுள்ள பல்பில் நிறங்கள் ஒழுங்காகப் பிரிந்து தெரிகின்றன.

நான் எதிர்பார்க்காத உபகாரம் ஒன்றும் நடந்தது. மாடிப்படி பல்பு சுவிட்சை அணைத்த பிறகும் மின்மினி மாதிரி லேசாக மினுங்கியது. பல்புதான் மட்டம் என்று நினைத்து வேறொன்று மாட்டினேன், அதுவும் மினுங்கியது. எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். சுவிட்ச், கரண்ட் வரும் ஃபேஸ் வயரில் இல்லாமல் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் இருந்திருக்கிறது. அதாவது, அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருந்திருக்கிறது! வயரில் கசியும் துளி மின்சாரத்துக்குக் குண்டு பல்பு அசைந்துகொடுக்காது, எல்.இ.டி. காட்டிக்கொடுத்துவிடும். இண்டிகேட்டர் வைத்த சுவிட்ச் இருந்தாலும் இப்படி மினுங்கலாம் என்றார்.

சரி, ஆயுள். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. தினம் ஐந்து மணி நேரம் என்றால் பதிமூன்று வருடத்துக்கு மேல் வர வேண்டும். பத்தில் ஆறு இன்னும் எரிகின்றன. மூன்று வேறு வேறு சமயத்தில் போயின. அவற்றில் புலம்ப ஒன்றுமில்லை. நான்காவது, படுக்கையறையில் கண்ணாடி உருண்டைக்குள் இருந்தது, பதினான்கே மாதத்தில் போனது. அதற்குப் பதில் போட்டதும் அதேபோல் போகவே, அதைப் பிரித்துப் பார்த்தேன். வெளிச்சம் தரும் சில்லுகளில் கருகல் எதுவும் தெரியவில்லை. அடியில், வீட்டுக் கரண்டைச் சில்லுகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட்டில் சுண்டுவிரல் நுனி அளவுள்ள கெப்பாசிட்டர் தலை உப்பிக் கிடந்தது. சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. எல்.இ.டி. குண்டு பல்பு மாதிரி கையைச் சுடாது என்பதால் சூடே கிடையாது என்று நினைத்துவிடுகிறோம். இருக்கும் சூடு பல்பின் உடம்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். மூடிய உருண்டைக்குள் அது எங்கே போகும்? பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தால், மூடிய விளக்குக்கூட்டில் போட வேண்டாம் என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது.

இப்போது உருண்டையைக் கழற்றிவிட்டேன். பல்பு மொட்டையாகத் தொங்குகிறது, பார்க்க நன்றாக இல்லை. கழுத்திலுள்ள தேதிப்படி மூன்று வருடம் நான்கு மாதம், இன்னும் எரிகிறது.