உப்புக் காற்றில் ஆன்டெனா இணைப்புகள்: ஸ்காட்ச் 23, சூப்பர் 33+ டேப்கள் பற்றிய மதிப்பீடு

கடலோரத்தில் அமெச்சூர் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) கோபுரம் நிறுத்தியிருப்பவர்கள் புயலுக்கு அஞ்சி, கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளையும் அடித்தளத்தையும் பார்த்துப் பார்த்துப் பராமரிக்கிறார்கள். கோபுர உச்சியில் கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தை அந்த அளவுக்குக் கவனிப்பதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரையிலான கரையில், உப்பளங்களைத் தழுவி வரும் காற்றில், ஒரு நிலையத்தின் ஒலி படிப்படியாக மங்கிப்போவதற்கு ஒரு விரல் நீளம்கூட இல்லாத அந்த இணைப்பே பெரும்பாலும் காரணமாகிறது. அதை மூடுவதற்காக 3எம் நிறுவனத்தின் ஸ்காட்ச் 23 ரப்பர் டேப்பையும், அதன்மேல் சுற்றும் சூப்பர் 33+ வினைல் டேப்பையும் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். தனித்தனியே வாங்கினால் இரண்டுமே பாதிப் பயன்தான் தரும்.

ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களில் பெரும்பாலோர் கேபிள் முனையில் பயன்படுத்தும் பிஎல்-259 என்ற திருகு கனெக்டரில் நீரைத் தடுக்கும் வளையம் எதுவும் கிடையாது. மழையே பெய்யாவிட்டாலும் கடலோரத்தில் அது நனைகிறது: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் படிந்திருக்கும் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும், நம் கரையிலோ இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல் இருப்பதே வழக்கம். வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவிவிடுவதால், மழையற்ற கோடை மாதங்களே உண்மையில் அதிகக் கேடு செய்கின்றன. உள்ளே இறங்கிய உப்பு நீரைக் கேபிளின் செப்புப் பின்னல் தன் நுண்ணிய இடைவெளிகள் வழியாக நெடுந்தூரம் உறிஞ்சிக்கொள்கிறது. பின்னல் கறுத்துப் பச்சை பூத்தபின் அந்தக் கேபிளைக் காப்பாற்ற வழியில்லை, வெட்டி எறியத்தான் வேண்டும்.

இந்தக் கேட்டை எஸ்டபிள்யூஆர் மீட்டர் (அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் கருவி; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) காட்டிக்கொடுக்காது என்பதைப் புதியவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். நனைந்த கேபிள், அனுப்பிய ஆற்றலையும் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் ஆற்றலையும் விழுங்கிவிடுவதால், அறையில் இருக்கும் மீட்டர் முன்பைவிட நல்ல அளவையே காட்டும். கேபிளில் 3 டெசிபெல் இழப்பு, அதாவது ஆற்றலில் பாதி இழப்பு, இருந்தால், மறுமுனையில் ஆன்டெனா அடியோடு துண்டிக்கப்பட்டிருந்தாலும் மீட்டரில் எஸ்டபிள்யூஆர் 3-க்கு மேல் ஏறாது. ஆகவே மீட்டரை நம்பி இணைப்பை மூடாமல் விட்டுவைப்பது ஆபத்தானது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டா மாவட்டங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பெருமளவில் அற்றுப்போயின. இப்படிப்பட்ட நாளில்தான் நம் நிலையம் தேவைப்படும். அந்த நாளில் யாரும் கோபுரத்தில் ஏறிப் பழுது பார்க்க இயலாது.

ஸ்காட்ச் 23 எத்திலீன் புரொப்பிலீன் ரப்பரால் ஆன, 0.76 மில்லிமீட்டர் தடிமனுள்ள டேப். இழுத்துச் சுற்றினால் ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒன்றிப்போய், இடைவெளியற்ற ஒரே ரப்பர் உறையாகிவிடுகிறது. உயர் மின்னழுத்தக் கேபிள்களின் இணைப்புகளுக்காகவே இது செய்யப்படுகிறது என்பதால் நம் தேவைக்கு இதன் மின்காப்பு மிகையானது. நமக்கு வேண்டியது நீர் புகாமையே, அதில் இது என்னை ஒருமுறையும் கைவிட்டதில்லை. வெயிலைத் தனியாகத் தாங்கும் வேலையை மட்டும் இதனிடம் ஒப்படைக்கக் கூடாது. அதற்காகத்தான் 0.18 மில்லிமீட்டர் தடிமனுள்ள சூப்பர் 33+ மேலே வருகிறது. 105 டிகிரி செல்சியஸ் வரை பயன்படுத்தத் தக்கதாக வகுக்கப்பட்ட இந்த வினைல் டேப், மே மாத வெயிலில் கறுத்த கேபிளின் மேல் கிடந்தும் பசை வழியாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன். கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண இன்சுலேஷன் டேப்கள் ஒரே கோடையில் நெகிழ்ந்து, நுனி பிரிந்து, காற்றில் ஆடத் தொடங்கிவிடுகின்றன.

சுற்றும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கனெக்டரையும் அதை ஒட்டிய கேபிள் உறையையும் முதலில் நன்னீரால் துடைத்து, பின்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைக்க வேண்டும். பனி ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகே, அதாவது முற்பகல் கடந்தபின், வேலையைத் தொடங்க வேண்டும். முதல் அடுக்காக வினைல் டேப்பைச் சுற்றிவிட்டு அதன்மேல் ரப்பர் டேப்பைச் சுற்றினால், பின்னாளில் கத்தியால் கீறிப் பிரிக்கும்போது கனெக்டர் ரப்பர் ஒட்டாமல் சுத்தமாக வெளிவரும். ரப்பர் டேப்பை அதன் அகலம் முக்கால் பங்காகக் குறுகும் வரை இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். கடைசி வினைல் அடுக்கைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப் போலப் படிந்து நீரை வெளியே வழியவிடும். கடைசி அரைச் சுற்றை இழுக்காமல் தளர்வாக ஒட்டினால் நுனி பின்னுக்கு எழும்பாது.

மாற்று வழிகள் சிலவற்றைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். சிலிக்கான் சீலன்ட் பூசுவதானால் புளித்த வாடை வீசும் வகையைத் தொடவே கூடாது. அது இறுகும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். குழாய்க் கசிவுக்குப் பூசும் இருகலவைப் பசை கல்லாக இறுகிவிடுவதால், கோபுரம் காற்றில் அசையும்போது கேபிள் உறையை விட்டு விலகி, அந்த இடுக்கில் நீரைத் தேக்கிக்கொள்கிறது. அதைவிட மோசமான ஏற்பாட்டை நான் அறியேன்.

இந்த டேப் இணைக்குக் குறையும் உண்டு. இருபுறமும் கம்பி நீளும் டைபோல் ஆன்டெனாவின் நடுவில் கேபிளின் உட்கம்பியும் பின்னலும் இரண்டாகப் பிரியும் கவட்டில் ரப்பர் டேப் சரியாகப் பொருந்தாது. எவ்வளவு இழுத்தாலும் அந்தக் கவட்டில் ஒரு சிறு துளை எஞ்சிவிடும். அங்கே அதே நிறுவனத்தின் 2228 மாஸ்டிக் டேப்பே தகுந்தது. 1.65 மில்லிமீட்டர் தடிமனுள்ள அதன் மென்பசை, விரலால் அழுத்தினால் இடுக்குகளுக்குள் இறங்கி நிரம்புகிறது. விலை கூடுதல் என்றாலும் அந்த ஓரிடத்துக்குச் சிறு துண்டே போதும். கோபுரத்தின் போல்ட்டுகளையும், ஸ்டே கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள்களையும் இந்த டேப்களால் சுற்றிவைப்பதையும் ஏற்க மாட்டேன். உள்ளே சிக்கிய ஈரம் துருவை மறைத்து வளர்க்கும். அவற்றுக்குச் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த உருப்படிகளோ 316 தரத் துருப்பிடிக்கா எஃகோ வேண்டும். மின்முலாம் பூசிய போல்ட்டுகள் கடலோரத்துக்கு உதவாது.

சாதாரண டேப்பைவிட இவற்றின் விலை பல மடங்கு. ஆனால் அழிந்துபோகும் ஆர்ஜி-213 வகை ஆன்டெனா கேபிளின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையன்று. ஒரு ரப்பர் டேப் சுருள் பல இணைப்புகளுக்கு வரும். போலிச் சரக்கு சந்தையில் உலவுவதால், மின்கேபிள் இணைப்பு உருப்படிகள் விற்கும் கடையில் ரசீதோடு வாங்குவது நல்லது. உறை பிரித்ததும் ஒரு துண்டை இழுத்துத் தன்மேல் தானே சுற்றிப் பாருங்கள். சற்று நேரத்தில் அடுக்குகள் பிரிக்க முடியாதபடி ஒன்றாகியிருக்க வேண்டும். ஆகாவிட்டால் அந்தச் சுருளைக் கோபுரத்துக்குக் கொண்டுபோகாமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.