கொழுப்பு குறைந்த பாலுக்கு மாறிய பிறகு: ஒரு சேலத்து வீட்டின் அனுபவம்

சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டில் நெடுங்காலமாக ஆரஞ்சுப் பாக்கெட்டில் வரும் நிறைகொழுப்புப் பாலைத்தான் வாங்கி வந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐயும் ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு 150-ஐயும் தாண்டியிருந்தன. இடுப்புச் சுற்றளவும் தெற்காசியப் பெண்களுக்கான 80 செ.மீ. வரம்பைக் கடந்திருந்தது. இவற்றோடு இரத்த அழுத்தம், எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு ஆகியவற்றையும் சேர்த்த ஐந்தில் மூன்று பிசகினாலே அது வளர்சிதை மாற்றக் கோளாறு என்று மருத்துவர் விளக்கினார். அதன் பிறகே இருநிலை சமன்படுத்தப்பட்ட (டபுள் டோன்டு) பாலுக்கு மாறினேன்.

நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவீதம், இதில் 1.5 சதவீதம். காபி, தயிர், மோர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு அரை லிட்டர் பால் செலவாகும் ஒருவருக்குக் கொழுப்பு ஏறத்தாழ 30 கிராமிலிருந்து 7.5 கிராமாகக் குறைகிறது. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்பதால், சுமார் 200 கலோரி மிச்சமாகிறது. புரதமும் கால்சியமும் பெரிதாகக் குறைவதில்லை. பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ் சர்க்கரையும் அப்படியே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கொழுப்பு நீங்கலான திடப்பொருள் 9 சதவீதம் இருப்பதால் தயிர் கெட்டியாகவே உறைகிறது. ஏடு மட்டும் மெல்லியது. மோரில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. காபிதான் சோதித்தது. ஏற்காட்டுக் கொட்டையைச் சிக்கரி கலக்காமல் அரைத்து வாங்குவது எங்கள் வழக்கம். அந்த டிகாஷன் இந்தப் பாலில் நீர்த்துத் தெரிந்தது. தூளைக் கூட்டி முதல் டிகாஷனை மட்டும் பயன்படுத்தி, பாலில் தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சத் தொடங்கிய பின் குறை நீங்கியது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, தொடக்க மாதங்களில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு சற்று இறங்கியது, ட்ரைகிளிசரைடு அசையவே இல்லை. தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் விடுவதால், பாலில் மட்டும் கொழுப்பைக் குறைப்பது அதற்குப் போதாது. காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். மாலையில் தட்டுவடை செட்டுக்குப் பதில் சுண்டல் வந்தது. விரத நாட்களின் ஜவ்வரிசி உப்புமாவையும் விட்டேன். நம் ஊருக்கே பெயர் வாங்கித் தந்த பொருள் என்றாலும், அது ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்துதான். அடுத்தடுத்த பரிசோதனைகளில் ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழே வந்தது. அதே காலத்தில் நடைப்பயிற்சியையும் தொடங்கியதால் முழுப் பயனையும் உணவின் கணக்கில் எழுத இயலாது.

2020-இல் வெளியான, பியூர் (PURE) என்னும் பன்னாட்டு ஆய்வின் ஒரு பகுதியில், 21 நாடுகளைச் சேர்ந்தவர்களில், நாளொன்றுக்கு இரண்டு பரிமாறல்களுக்குக் குறையாமல் பால் பொருட்கள் உண்டவர்களிடம் வளர்சிதை மாற்றக் கோளாறு குறைவாகக் காணப்பட்டது. அந்தத் தொடர்பு முழுக்கொழுப்புப் பால் பொருட்களில் தெரிந்தது, கொழுப்பு குறைந்தவற்றை மட்டும் உண்டவர்களிடம் தெரியவில்லை. அது மக்களின் பழக்கங்களைக் கவனித்துப் பதிவு செய்யும் நோக்காய்வு மட்டுமே என்பதால் காரணத்தை நிறுவாது. ஆனாலும் கொழுப்பு குறைந்த பாலே மருந்து என்று எவரும் நம்பிவிடக் கூடாது என்று நான் கருதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்.டி.எல். உயர்ந்தவர்களுக்கும், நாள்தோறும் அரை லிட்டரோ அதற்கு மேலோ பால் சேர்ப்பவர்களுக்கும் இந்த மாற்றத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரு டம்ளரோடு நிறுத்துபவர்களுக்கு 3 சதவீதக் கொழுப்புள்ள நீலப் பாக்கெட்டே போதும். என் கணவர் அதைத்தான் குடிக்கிறார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொழுப்பு குறைந்த பால் ஏற்றதன்று. சுவையூட்டிய பாலையோ தயிரையோ வாங்குவோர், கொழுப்பு குறைவு என்ற எழுத்தோடு நின்றுவிடாமல், சேர்த்த சர்க்கரை எத்தனை கிராம் என்பதையும் பாக்கெட்டின் பின்புறத்தில் பார்த்து வாங்க வேண்டும்.