லாயோல் கத்தி: வெட்டு அருமை, முத்திரைதான் எரிச்சல்

ரெயூனியன் தீவின் சேன் தெனியில் ஒரு கடையில் லாயோல் மடக்குக் கத்தி விலை இறங்கியிருக்கிறது, அசலா பாருங்கண்ணே என்று புதுச்சேரித் தம்பி ஒருவர் அலகைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அச்சு அசல் அதே முத்திரை உள்ள கத்தி, ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது, பல வருடமாக என் பையில் இருக்கிறது.

வேலையில் குறையே சொல்ல முடியாது. விக்தோரியா ரக அன்னாசிக்குக் கண் எடுக்க இவ்வளவு வாகான கத்தி எனக்குக் கிடைத்ததில்லை, ரெயூனியனின் கடல் காற்றிலும் அலகில் துரு ஏறவில்லை, ஸ்பிரிங் இன்னமும் டக்கென்று விழுகிறது.

ஆனால் திறக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. பெரிய எழுத்தில் லாயோல், கீழே இனாக்ஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு, அவ்வளவுதான். செய்தது யார், எந்த ஊர், ஒன்றும் இல்லை. லாயோல் என்பது பிரான்சின் அவேரோன் மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். அந்தப் பெயரைச் சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்த கத்திகளில்கூடப் பொறித்து விற்கிறார்கள். 2012-இல் ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் பெயர்ப்பலகையையே கழற்றிப் போராடினார்கள் என்றால் எவ்வளவு வயிறு எரிந்திருக்கும்! அதற்காக அந்த ஊரில் செய்யாததெல்லாம் போலி என்றும் சொல்லக்கூடாது, பிரான்சிலேயே உள்ள தியேர் நகரத்துப் பட்டறைகள் இதே வகையைத் தலைமுறைகளாக நன்றாகவே செய்கின்றன.

அதனால் ஊர்ப் பெயரை விடுங்கள், பக்கத்தில் பட்டறையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 12C27 என்றிருந்தால் அது எஃகின் ரகம், அதாவது எதில் செய்தோம் என்று சொல்ல ஒருவர் துணிந்திருக்கிறார்; வெறும் இனாக்ஸ் என்றால் அதற்கு மேல் அதில் தகவல் இல்லை. ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் தேனீ உருவத்தை நம்பவே வேண்டாம், அதை யாரும் ஒட்ட வைக்கலாம். இன்னொரு பிரெஞ்சு மடக்குக் கத்தியான ஒப்பினெலைப் பாருங்கள், 1909 முதல் அலகில் கிரீடம் வைத்த கை, அந்தக் கை சேன் ஜான் த மோரியென் ஊரின் சின்னத்திலிருந்து வந்தது, கிரீடம் அந்த ஊர் இருக்கும் சவோய்ப் பகுதியைக் குறிக்கிறது. ஒரு சின்ன முத்திரையில் செய்தவரும் தெரிகிறார், மண்ணும் தெரிகிறது. அந்த மரியாதையைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

சரி தம்பி, கடைக்காரரிடம் பட்டறையின் பெயரைக் கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். என்னுடையதை யாராவது கேட்டால் மட்டும் கொடுக்க மாட்டேன்.